தயிர், மண், பருப்பு, ஆரஞ்சு... ஒரு லேப் ரிப்போர்ட்!

முதல்ல ஒரு குட்டி க்விஸ். தயிர், கொல்லைப்புறத்து மண், ஒரு கிலோ பருப்பு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின், பழக்கடை ஆரஞ்சு... இந்த அஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

'மளிகைக் கடை லிஸ்ட்டுல ஸ்கேன் மெஷின் எப்படி பாஸ் வந்துச்சு?'னு நீங்க முழிக்கிறது தெரியுது. கடந்த இருபது, இருபத்தைந்து வருஷத்துல ஆராய்ச்சி பண்ற முறையையே புரட்டிப் போட்ட அஞ்சு ஐடியாக்கள் இந்த அஞ்சுலதான் ஒளிஞ்சிருக்கு. மரபியல், நுண்ணுயிரியல், பொருளாதாரம், சென்சிங், கணிதம்னு டிபார்ட்மென்ட் வேற வேற. ஆனா, அஞ்சு இடத்துலயும் கதை ஒண்ணுதான். 'இதை இப்படித்தான் செய்யணும்'னு எல்லாரும் நம்பிட்டிருந்த ஒரு விஷயத்தை யாரோ ஒருத்தர் 'ஏன்?'னு கேட்டிருக்காங்க.

'அதுக்கும் நமக்கும் என்ன?'ங்கிறீங்களா? ஏழாவது செமஸ்டர் எட்டிப் பார்த்ததும் நம்ம க்ளாஸ்ல நடக்கிறதைக் கொஞ்சம் யோசிங்க. 'டைட்டில் என்னடா?'ங்கிற கேள்விக்கு பதில் தேடி, 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ஸ் இங்கே கிடைக்கும்' போர்டு மாட்டின மாடிப்படி ஏறுற கூட்டம் எவ்வளவு? கோடிங், ரிப்போர்ட், பி.பி.டி., வைவா கேள்வி பதில்னு சாதம், சாம்பார், ரசம், மோர் கணக்கா முழுச் சாப்பாடே கட்டித் தர்றாங்க. நாலு வருஷத்துல 'உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?'னு காலேஜ் நம்மளைக் கேக்கிற ஒரே இடம் அந்த ப்ராஜெக்ட்தான். அதையும் பார்சல் வாங்கிட்டா எப்படி? அதனால, கேள்வி கேட்டவங்க கதையைக் கொஞ்சம் கேளுங்க!

தயிருக்குள்ள ஒரு கத்தரி!

1987. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகம். யோஷிஸூமி இஷினோவும் அவரோட டீமும் ஈ.கோலை பாக்டீரியாவோட டி.என்.ஏ.வுல ஒரு விநோதத்தைப் பார்த்தாங்க. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருது. நடு நடுவுல வேற ஏதோ துண்டுகள். இது எதுக்குன்னு அப்போ யாருக்கும் புரியலை. ஸ்பெயின்ல உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ஃப்ரான்சிஸ்கோ மொஹிக்காவும் அதே மாதிரி வரிசையைப் பார்த்துட்டு வருஷக்கணக்குல அதையே துரத்தினார். 2005-ல அவர் வெளியிட்ட விடை: நடுவுல இருக்கிற துண்டுகள், பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ்களோட டி.என்.ஏ.!

போலீஸ் ஸ்டேஷன்ல 'தேடப்படும் குற்றவாளிகள்' போட்டோ ஒட்டி வெச்சிருப்பாங்களே, அதே டெக்னிக். ஒரு தடவை வந்து அடிச்ச வைரஸோட துண்டு ஒண்ணை பாக்டீரியா சேமிச்சு வெச்சுக்குது. அடுத்த தடவை அதே ஆள் உள்ளே நுழைஞ்சா, போட்டோவை ஒப்பிட்டுப் பார்த்து வெட்டிடுது.

இதை நிரூபிச்சது யார் தெரியுமா? தயிர், சீஸ் தயாரிக்க பாக்டீரியா சப்ளை பண்ற டேனிஸ்கோ கம்பெனி விஞ்ஞானிகள். வைரஸ் புகுந்தா ஒரு தொட்டிப் பாலும் வீண். அந்தத் தொழில் தலைவலிக்கு மருந்து தேடித்தான் 2007-ல இந்த உண்மையை ஊர்ஜிதம் பண்ணாங்க. 2012-ல ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியரும் அடுத்த கேள்வியைக் கேட்டாங்க: 'அந்த போட்டோவை நாமளே மாத்திக் கொடுத்தா, நாம சொல்ற இடத்துல வெட்டுமா?' வெட்டுச்சு. அதுதான் கிரிஸ்பர். 2020-ல ரெண்டு பேருக்கும் வேதியியல் நோபல்!

முன்னாடியும் ஜீனை வெட்டுற கருவிகள் இருந்துச்சு. ஆனா, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புது புரோட்டீனைச் செதுக்கணும். கிரிஸ்பர்ல கத்தரி அதேதான். அட்ரஸ் எழுதின ஆர்.என்.ஏ. சீட்டை மட்டும் மாத்தினா போதும். அதனாலதான் சின்னச் சின்ன லேப்ல இருந்தவங்களும் இதுல இறங்க முடிஞ்சுது.

இதுல உயிர் சம்பந்தப்பட்ட மேட்டர் ஒண்ணு இருக்கு. அரிவாள் செல் ரத்தசோகை. வட்டமா இருக்க வேண்டிய ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு, சின்ன ரத்தக் குழாய்ல சிக்கி, தாங்க முடியாத வலியைக் கொடுக்கிற பரம்பரை நோய். இந்தியாவுல இந்த மரபுக்கூறு முதன்முதல்ல பதிவானதே நம்ம நீலகிரி மலைவாழ் மக்கள்கிட்டதான், 1952-ல. இதுக்கான கிரிஸ்பர் சிகிச்சையான 'கேஸ்கெவி'க்கு 2023 நவம்பர்ல பிரிட்டனும், டிசம்பர்ல அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது. நோயாளியோட ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, குழந்தை பிறந்த பிறகு குறைஞ்சுபோற 'கரு ஹீமோகுளோபினை' மறுபடி சுரக்கவைக்கிற மாதிரி ஒரே ஒரு ஸ்விட்ச்சை வெட்டி, திரும்ப உடம்புக்குள்ள செலுத்துறாங்க.

சூப்பர்ல? விலையைக் கேட்டா தலை சுத்தும். அமெரிக்காவுல 22 லட்சம் டாலர்! அன்னிக்கு மதிப்புல 18 கோடி ரூபாய்க்கு மேல. நீலகிரியிலயும் மத்திய இந்தியாவோட பழங்குடி கிராமங்கள்லயும் இருக்கிற ஒருத்தருக்கு அந்த நம்பர் என்ன அர்த்தம்? குறைஞ்ச செலவுல இதையே பண்ண முடியுமானு டெல்லியில இருக்கிற மரபணுவியல் ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி.யில முயற்சி நடந்துட்டிருக்கு. கண்டுபிடிச்சவங்களுக்கு ஒரு நோபல்னா, அதை ஏழைக்குக் கொண்டுபோறவங்களுக்கு ரெண்டு கொடுக்கலாம்!

இன்னொரு பக்கமும் உண்டு. 2018-ல சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவுலயே ஜீனை மாத்தி ரெட்டைக் குழந்தைகள் பிறந்ததா அறிவிச்சார். உலகமே கொதிச்சுது. அடுத்த வருஷம் அவருக்கு மூணு வருஷ ஜெயில் தண்டனை. கருவி கைக்கு வந்துட்டா மட்டும் போதாது, எங்கே வெட்டக் கூடாதுன்னும் தெரியணும்.

பாக்டீரியாவுக்கு வாடகை வீடு!

ஒரு சிட்டிகை மண்ணை மைக்ரோஸ்கோப்ல பார்த்தா பாக்டீரியா கொத்துக் கொத்தா தெரியும். அதே மண்ணை லேப்ல பெட்ரி டிஷ்ல வளர்த்தா, நூத்துக்கு ஒண்ணுகூட முளைக்காது. மீதி 99 பேரும் 'உங்க சாப்பாடு எங்களுக்கு ஒத்துக்காது'னு ஸ்ட்ரைக்! ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வருதா?

இது சும்மா ஆச்சர்யம் இல்லை, ஆபத்து. நாம பயன்படுத்துற ஆன்டிபயாட்டிக்குகள்ல பலதும் மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் தந்ததுதான். வளர்ந்த ஒரு சதவிகிதத்தையே அலசி அலசி, புது மருந்து கிடைக்காம கையைப் பிசைய ஆரம்பிச்சாச்சு. இன்னொரு பக்கம், பழைய மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிட்டே போகுது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா நேரடிக் காரணமா 2019-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததா 'லான்செட்' ஆய்வு கணக்கு சொல்லுது. சாதாரண ஜலதோஷத்துக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற மாத்திரையும், பாதியில நிறுத்துற கோர்ஸும் இந்தக் கதையில வில்லனோட அடியாளுங்கதான்.

அமெரிக்காவின் பாஸ்டன்ல இருக்கிற நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல கிம் லூயிஸும் ஸ்லாவா எப்ஸ்டைனும் கேட்ட கேள்வி ரொம்ப சிம்பிள். 'பாக்டீரியா லேபுக்கு வர மாட்டேங்குதா? சரி, லேபை மண்ணுக்கு அனுப்பிடலாம்!' குட்டிக் குட்டி ஓட்டைகள் போட்ட ஒரு ப்ளாஸ்டிக் தகடு. மண்ணைக் கரைச்சு, ஒரு ஓட்டைக்கு ஏறத்தாழ ஒரு பாக்டீரியாங்கிற மாதிரி நிரப்பறாங்க. ரெண்டு பக்கமும் மெல்லிய சவ்வு ஒட்டி, எடுத்த மண்ணுலயே புதைச்சிடறாங்க. சவ்வு வழியா சத்து உள்ளே போகும். பாக்டீரியா வெளியே போக முடியாது. அதுக்கு வீட்டுல இருக்கிற மாதிரியே ஃபீலிங். ஜம்முனு வளருது! அந்தத் தகடுக்குப் பேர் 'ஐசிப்'.

இப்படி வளர்த்த பத்தாயிரம் பாக்டீரியா வகைகளைச் சல்லடை போட்டுச் சலிச்சதுல, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மண்ணுல கிடைச்ச ஒண்ணு தந்ததுதான் 'டெய்க்ஸோபேக்டின்'. 2015-ல 'நேச்சர்' இதழ்ல வெளியாச்சு. மெத்திசிலினுக்கே அடங்காத ஸ்டாஃப் கிருமியையும், டி.பி. கிருமியையும் லேப்ல போட்டுத் தள்ளுச்சு. ஆனா, ஓவர் குஷி வேண்டாம். ஈ.கோலை மாதிரி வெளிச்சுவர் உள்ள கிருமிகள்கிட்ட இதோட பாச்சா பலிக்கலை. மருந்துக் கடைக்கும் இன்னும் வரலை. வழி திறந்திருக்கு, அவ்வளவுதான். அந்த வழி ஒரு ப்ளாஸ்டிக் தகடுல திறந்ததுங்கிறதுதான் நாம கவனிக்க வேண்டியது.

ஒரு கிலோ பருப்பின் பவர்!

இனி நம்ம எக்கனாமிக்ஸ் ஃப்ரெண்ட்ஸ் ஏரியா. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்து கிராமங்கள். தடுப்பூசி இலவசம். ஆனா, எல்லாத் தடுப்பூசியும் முழுசாப் போட்ட சின்னக் குழந்தைகள் ரொம்பக் கம்மி. ஏன்? 'ஜனங்களுக்கு விழிப்பு உணர்வு இல்லை'ம்பார் ஒருத்தர். 'நர்ஸ் ஒழுங்கா வர்றதில்லை'ம்பார் இன்னொருத்தர். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து ஒரு வருஷம் பேசினாலும் இது முடியாது.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ டீம் என்ன பண்ணாங்கன்னா, 'சேவா மந்திர்' அமைப்போட சேர்ந்து கிராமங்களைக் குலுக்கல் முறையில மூணு பிரிவாப் பிரிச்சாங்க. முதல் பிரிவுல எதையும் மாத்தலை. ரெண்டாவதுல மாசா மாசம் தவறாம நடக்கிற தடுப்பூசி முகாம். மூணாவதுல அதே முகாம், கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிச்சா சாப்பாட்டுத் தட்டு செட்.

2010-ல வெளியான ரிசல்ட்: முழுசாத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் முதல் பிரிவுல 6 சதவிகிதம். ரெண்டாவதுல 18. பருப்பு கொடுத்த இடத்துல 39!

'இலவசம் கொடுத்தா செலவு எகிறுமே'னு கணக்கு போடறவங்களுக்கு அடுத்த ட்விஸ்ட். ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட வெறும் முகாம்ல ஆன செலவு சுமார் 56 டாலர். பருப்பு கொடுத்த முகாம்ல சுமார் 28 டாலர்தான்! கூட்டம் வந்தாலும் வராட்டியும் நர்ஸுக்கு சம்பளம் ஒண்ணுதானே? பருப்பு கொடுத்ததுல கூட்டம் வந்துச்சு. தலைக்கு ஆகுற செலவு பாதியாச்சு.

குலுக்கல் ஏன் முக்கியம்? நல்லா இருக்கிற கிராமத்துக்கு மட்டும் பருப்பு கொடுத்துட்டு 'பாத்தியா, பலன்!'னு சொன்னா அது போங்கு ஆட்டம். குலுக்கிப் போட்டா எல்லாப் பிரிவும் சராசரியா ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் தெரியற வித்தியாசத்துக்குக் காரணம் நாம கொடுத்ததுதான். மருந்து சோதனையில ரொம்ப காலமா இருக்கிற இந்த முறையை வறுமை ஒழிப்புக்குக் கொண்டுவந்ததுக்காக பானர்ஜி, டுஃப்ளோ, மைக்கேல் க்ரீமர் மூணு பேருக்கும் 2019-ல பொருளாதார நோபல்.

க்ரீமர் டீம் கென்யாவுல கண்டது நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். பள்ளிக்கூடங்களுக்குப் பாடப்புத்தகம் இலவசமாக் கொடுத்தாங்க. சராசரி மார்க் ஏறவே இல்லை. ஏற்கெனவே நல்லாப் படிச்ச பசங்களுக்கு மட்டும்தான் பலன். காரணம், புத்தகம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அந்தப் பிள்ளைங்கள்ல பலருக்கு அது மூணாவது மொழி! தமிழ் மீடியத்துல இருந்து வந்து ஃபர்ஸ்ட் இயர்ல தவிச்சவங்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

இந்த முறையைப் பரப்புற 'ஜே-பால்' அமைப்பு 2003-ல எம்.ஐ.டி.யில தொடங்கினது. தொடங்கின மூணு பேர்ல ஒருத்தரான செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுல பிறந்தவர். 2014-லயே தமிழக அரசும் ஜே-பாலும் கைகோத்தாச்சு. ஆனா, இதையும் சந்தேகக் கண்ணோட பார்க்கிறவங்க இருக்காங்க. 2015-ல நோபல் வாங்கின ஆங்கஸ் டீட்டன், 'ஒரு ஊர்ல பலிச்சது இன்னொரு ஊர்லயும் பலிக்கும்னு என்ன கேரன்டி?'ங்கிற பக்கம். நியாயமான கேள்வி. உதய்ப்பூர்லயே பருப்புக்கு அப்புறமும் 61 சதவிகிதக் குழந்தைகள் பாக்கி!

பன்னிரண்டு காசு, ஒரு கள்ளக்காசு!

ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்கு மனப்பாடம் பண்ற புதிர் இது. பன்னிரண்டு காசு, அதுல ஒண்ணு மட்டும் எடை வித்தியாசம். தராசுல மூணே தடவை நிறுத்துக் கண்டுபிடி. பன்னிரண்டு காசையும் தனித்தனியா நிறுக்காம எப்படி மூணுல முடியுது? கள்ளக்காசு ஒண்ணே ஒண்ணுதான்னு முன்கூட்டியே தெரியறதால! இதை அப்படியே ஞாபகம் வெச்சுக்குங்க.

ஈ.சி.ஈ. மக்களுக்கு நைக்விஸ்ட் தியரம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரு சிக்னலை முழுசாத் திரும்ப எடுக்கணும்னா, அதோட உச்ச அதிர்வெண்ணைப் போல ரெண்டு மடங்குக்குக் குறையாம சாம்பிள் எடுக்கணும். 2004-ல கால்டெக்ல இருந்த இமானுவேல் கேண்டஸ், ஸ்கேன் மாதிரிப் படம் ஒண்ணை வெச்சு வேலை பார்த்துட்டிருந்தார். அளவுகள் பாதிக்குமேல இல்லாத படம். கொஞ்சம் தெளிவானா போதும்னு ஒரு கணித உத்தியைப் போட்டார். படம் அச்சு அசலா, ஒரு புள்ளி பிசகாம முழுசா வந்து நின்னுச்சு! அவராலயே நம்ப முடியலை.

கணித மேதை டெரன்ஸ் டாவோவும் கேண்டஸும் தங்கள் குழந்தைகளை விடற ப்ரீ-ஸ்கூல் ஒண்ணுதான். அங்கே அரட்டையில ஆரம்பிச்சது, ஜஸ்டின் ராம்பெர்க்கும் சேர்ந்து ஒரு முழுத் தியரியாச்சு. அதே நேரத்துல டேவிட் டோனஹோவும் தனியா அதே முடிவுக்கு வந்தார். பேர், 'கம்ப்ரெஸ்டு சென்சிங்'.

சூட்சுமம் இதுதான். கேமரா கோடிக்கணக்கான அளவுகளை எடுக்குது. அடுத்த நொடியே ஜேபெக் ஃபைலாச் சுருக்கிப் பெரும்பாலானதைத் தூக்கிப் போட்டுடுது. தூக்கிப் போடப் போறதை எதுக்கு எடுக்கணும்? படத்துல உண்மையான தகவல் கொஞ்சமாத்தான் இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, குறைவான அளவுகளைத் தாறுமாறா எடுத்தே முழுப் படத்தையும் மீட்டுடலாம். நைக்விஸ்ட் பொய் ஆகலை. கூடுதலா ஒரு தகவல் கைல இருக்கு, அவ்வளவுதான். கள்ளக்காசு ஒண்ணுதான்னு தெரிஞ்ச மாதிரி!

எம்.ஆர்.ஐ.யில ஒவ்வொரு அளவுக்கும் நேரம் ஆகும். 'அசையாதே'னு சொன்னா மூணு வயசுக் குழந்தை கேக்குமா? மயக்க மருந்து கொடுக்கணும். அளவு குறைஞ்சா ஸ்கேன் நேரம் குறையும், மயக்கத்துல வெச்சிருக்கிற நேரமும் குறையும். 2017-ல இந்த முறையில ஓடற எம்.ஆர்.ஐ.க்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சாச்சு. நம்ம ஊர் அப்ளிகேஷனும் உண்டு. 2020 கொரோனா நேரத்துல ஐ.ஐ.டி. பாம்பே ஆய்வாளர்கள், ஒவ்வொருத்தர் சாம்பிளையும் பல கலவைகள்ல பகிர்ந்து போட்டு, குறைவான டெஸ்ட்ல யாருக்குத் தொற்றுனு பிரிச்செடுக்கிற 'டேப்பெஸ்ட்ரி' முறையை உருவாக்கினாங்க. ஆனா, பாதிப் பேருக்குத் தொற்று இருந்தா இது வேலைக்கு ஆகாது. கள்ளக்காசு சிலதுதான்ங்கிற கண்டிஷன் உடைஞ்சா புதிரும் உடைஞ்சுடும்.

ஆரஞ்சும் 99 சதவிகித சந்தேகமும்!

பழக்கடையில ஆரஞ்சைக் கூம்பு மாதிரி அடுக்கியிருப்பாங்களே, அதைவிட நெருக்கமா உருண்டைகளை அடுக்க முடியாதுன்னு 1611-ல கெப்ளர் சொன்னார். இடத்துல சுமார் 74 சதவிகிதம் நிரம்பும். கடைக்காரருக்கு இது தெரியும். நிரூபிக்கத்தான் யாராலயும் முடியலை!

1998-ல அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபிச்சார். நூத்துக்கணக்கான பக்கங்கள், கூடவே மலை மாதிரி கம்ப்யூட்டர் கணக்கு. சரி பார்க்க பன்னிரண்டு நிபுணர்கள். வருஷக்கணக்குல மல்லுக்கட்டிட்டு, 'சரின்னு 99 சதவிகிதம் நம்பறோம்'னு சொல்லிட்டாங்க. நம்ம பேப்பருக்கு அப்படிச் சொன்னா துள்ளிக் குதிப்போம். கணிதத்துல அது போதாதே!

ஹேல்ஸ் சோர்ந்து போகலை. நிரூபணத்தோட ஒவ்வொரு படியையும், 'இது தெரிஞ்சதுதானே'னு தாவாம, கம்ப்யூட்டரே சரி பார்க்கிற மாதிரி எழுத 2003-ல ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். வியட்நாம் இளைஞர்கள் பலரும் தோள் கொடுத்தாங்க. 2014 ஆகஸ்ட்ல முடிஞ்சுது. மிச்சமிருந்த ஒரு சதவிகித சந்தேகமும் காலி!

இப்போ அந்த முறை ஸ்பீடு எடுத்திருக்கு. 2023 நவம்பர்ல டாவோ, டிமதி கவர்ஸ் உட்பட நாலு பேர் ஒரு முக்கியமான யூகத்தை நிரூபிச்சாங்க. பல ஊர்ல இருந்தவங்க ஆளுக்கொரு துண்டா எடுத்து, 'லீன்'ங்கிற மென்பொருள்ல மூணே வாரத்துல மொத்தத்தையும் சரி பார்த்து முடிச்சாங்க. முன்பின் தெரியாத ஒருத்தர் எழுதின துண்டையும் நம்பலாம். காரணம், சரி பார்க்கிறது மெஷின்.

ஏ.ஐ. காலத்துல இதோட மதிப்பு இன்னும் அதிகம். சாட் ஜி.பி.டி. தப்பைக்கூட தன்னம்பிக்கையோட சொல்லும்னு நமக்கு அசைன்மென்ட் புண்ணியத்துல தெரியும். 2024 கணித ஒலிம்பியாட் கேள்விகள்ல வெள்ளிப் பதக்கத் தரத்துக்கு மார்க் எடுத்த கூகுள் டீப்மைண்ட் அமைப்புல ஒரு பகுதியான 'ஆல்ஃபாப்ரூஃப்', லீன்ல சரி பார்த்துத்தான் விடை கொடுத்துச்சு. ஒரு விஷயம் மட்டும் மெஷினால முடியாது. நாம எழுதின கேள்வி, நாம நிஜமா கேக்க நினைச்ச கேள்விதானான்னு அதுக்குத் தெரியாது. அது நம்ம பொறுப்பு.

சரி... நம்ம டைட்டில் என்ன?

'அவங்களுக்கு எம்.ஐ.டி., கால்டெக். நமக்கு?'னு ஒரு குரல் கேக்குது. ஐ.ஐ.டி. கான்பூர் கதையைச் சொல்றேன். நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அங்கே பி.டெக். ஸ்டூடன்ட்ஸ். 'ஒரு எண் பகா எண்ணா இல்லையானு எந்த யூகமும் இல்லாம, வேகமாச் சொல்ல முடியுமா?'ங்கிறதுதான் அவங்க எடுத்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். பேராசிரியர் மனீந்திர அகர்வாலோட சேர்ந்து 2002 ஆகஸ்ட்ல 'முடியும்'னு நிரூபிச்சாங்க. உலகமே திரும்பிப் பார்த்தது. 2006-ல கோடெல் பரிசு வந்துச்சு. பெரிய லேப் எதுவும் தேவைப்படலை.

எல்லாருக்கும் அப்படி வாய்க்காதுதான். ஆனா, கேள்வி நம்மளோடதா இருக்கலாமே? பயோடெக்னா காலேஜ் கிணத்தடி மண்ணுல என்ன வளருது, என்ன வளரலைன்னு பாருங்க. எக்கனாமிக்ஸ்னா ஹாஸ்டல்ல ஒரு மாத்தத்தைக் குலுக்கல் போட்ட பாதி ப்ளாக்குல மட்டும் பண்ணி, மெஸ்ல வீணாகிற சோறு குறையுதானு நிறுத்துப் பாருங்க. ஈ.சி.ஈ.ன்னா பத்து சென்சார் செய்யற வேலையை மூணு செய்யுமா, எப்போ செய்யாதுன்னு சோதிங்க. கணக்குப் பிரியர்கள் 'நேச்சுரல் நம்பர் கேம்'ல லீனை விளையாடியே கத்துக்கலாம், ரெண்டும் இலவசம். பாடத்துல சந்தேகம்னா என்.பி.டி.இ.எல். வீடியோ இருக்கவே இருக்கு.

ரிசல்ட் சொதப்பினாலும் பரவாயில்லை. 'இது வேலை செய்யலை, காரணம் இது'ன்னு அளந்து எழுதின பத்துப் பக்கம், காசு கொடுத்து வாங்கின நூறு பக்கத்தைவிட வைவால நல்லாப் பேசும். கென்யாப் பாடப்புத்தகமும் வேலை செய்யாத ஐடியாதானே?

ஜீரோத் ரிவ்யூவுக்கு இன்னும் டைம் இருக்கு மக்களே. அந்த மாடிப்படி ஏறுறதுக்கு முன்னாடி டீமா உட்கார்ந்து ஒரு டீ சொல்லுங்க. 'இதை ஏன் இப்படியே செய்யறாங்க?'ன்னு ஆளுக்கொரு கேள்வி எழுதுங்க. நாலு பேர் டீம்ல நாலு கேள்வி தேறும். அதுல ஒண்ணுதான் உங்க டைட்டில்!